நின்றுபோன கதையை மீட்டெடுத்தவர்: அ. மாதவையா

கதை எழுதத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். நம் கழகத்து நண்பர்களின் மடிக்கணினிகளைத் திறந்து பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். இரண்டாம் அத்தியாயத்தோடு நின்ற நாவல் ஒருவரிடம் இருக்கும். கதைமாந்தர் பெயர்ப் பட்டியலோடு நின்ற நாவல் இன்னொருவரிடம் இருக்கும். சிறுகதையை ஓரிரவில் எழுதிப் போட்டிக்கு அனுப்பிவிடலாம். நாவல் அப்படியன்று. அது மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நம்மோடு குடியிருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் அது பேச மறுத்துவிடுகிறது. எழுத உட்கார்ந்தால் எழுத்து வருவதில்லை. சில நாள் முயன்று பார்த்துவிட்டு, நமக்கு இது கைவராத கலை என்று முடிவு கட்டிக் கோப்பை மூடிவிடுகிறோம்.

இந்தத் தடை இக்காலத்து மாணவர்க்கு மட்டுமே வாய்த்தது என்று எண்ண வேண்டாம். தமிழ் நாவல் பிறந்து நடை பயின்று கொண்டிருந்த நாளிலேயே, இருபது வயது இளைஞர் ஒருவரின் முதல் நாவல் பாதியில் நின்றது. அதே கதையை 11 ஆண்டுகள் கழித்து அவர் முழுமையாக்கினார். வேறொரு நாவலின் மூன்றாம் பாகத்தை 25 ஆண்டு இடைவெளிக்குப் பின் எழுதத் தொடங்கினார். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாதான் அவர். இலக்கிய வரலாற்று நூல்களில் அவருக்கு அரைப்பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். தேர்வுக்கு அது போதும். எழுத நினைக்கும் நமக்கு அவருடைய வாழ்க்கை முழுவதும் வேண்டியிருக்கிறது.

பெருங்குளத்துப் பிள்ளை

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த பெருங்குளம் என்னும் ஊரில், 1872 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் நாள் மாதவையா பிறந்தார். தந்தையார் அப்பாவையர், தாயார் மீனாட்சி அம்மாள். மரபு வழுவாத அந்தணர் குடும்பம். அக்கால வழக்கப்படி, பதின்ம வயதிலேயே அவருக்குத் திருமணமும் நடந்துவிட்டது. மணப்பெண் அவரினும் இளைய சிறுமி. பின்னாளில் குழந்தை மணத்தை எதிர்த்து எழுதிய கை, தானே அந்த வழக்கத்துக்குள் வளர்ந்த கைதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்து எழுதியவர் அல்லர்.

பள்ளிப்படிப்பு பாளையங்கோட்டையில் நடந்தது. அதன்பின் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வில்லியம் மில்லர் என்னும் புகழ்பெற்ற கல்வியாளர் அக்கல்லூரியின் முதல்வராக விளங்கிய காலம் அது. ஆங்கில இலக்கியம் மாதவையாவுக்குப் புதிய உலகம் ஒன்றைத் திறந்து காட்டியது. ஆங்கில நாவல்களில் சாதாரண மனிதர்களின் வீடும் சண்டையும் காதலும் கடனும் கதையாயின. தமிழிலோ அப்படிப்பட்ட உரைநடைக் கதை அரிதாகவே இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் வெளிவந்திருந்தது. 1887 இல் அவரே எழுதிய 'சுகுண சுந்தரி' வந்தது. பின்பற்றுவதற்கு வேறு பெரிய முன்மாதிரிகள் இல்லை. இன்று நாம் எழுத முடியவில்லை என்று வருந்தும்போது, நமக்கு முன்னே நூற்றுக்கணக்கான தமிழ் நாவல்கள் நூலகத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மாதவையாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

1892 இல் அவர் இளங்கலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் சி. வி. சுவாமிநாத ஐயர் சென்னையில் 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழைத் தொடங்கினார். படித்த இளைஞர்கள் தமிழில் எழுதுவதற்கு அது ஒரு களமாக அமைந்தது.

நின்றுபோன சாவித்திரி

அந்த 'விவேக சிந்தாமணி'யில்தான் மாதவையாவின் முதல் நாவல் தொடராக வரத் தொடங்கியது. அதன் பெயர் 'சாவித்திரி சரித்திரம்'. சாவித்திரி என்னும் பெண் பெயரையே புனைபெயராகவும் அவர் வைத்துக்கொண்டார். குழந்தை மணத்தாலும் கைம்மையாலும் அல்லலுறும் ஓர் அந்தணப் பெண்ணின் வாழ்க்கை அதில் பேசப்பட்டது.

அந்த ஆண்டுகளில் இந்தப் பொருளைத் தொடுவது எத்தகைய செயல் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856 இலேயே அனுமதித்துவிட்டது. ஆனால் வீடுகள் அனுமதிக்கவில்லை. ஆந்திரப் பகுதியில் வீரேசலிங்கம் பந்துலு 1881 இல் முதல் கைம்பெண் மணத்தை நடத்தி வைத்ததற்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெண்ணின் சம்மத வயதை 10 இலிருந்து 12 ஆக உயர்த்திய சட்டம் 1891 இல் வந்தபோது இந்தியா முழுவதும் கொந்தளித்தது. சமயத்தில் அரசு தலையிடுவதா என்று பெரிய தலைவர்களே சீறினர். அடுத்த ஆண்டே, அந்தச் சூடு ஆறும் முன்பே, ஓர் இருபது வயது இளைஞர் பெண் பெயரில் அப்பெண்ணின் துன்பத்தைத் தொடர்கதையாக எழுதத் துணிந்தார்.

தொடர் சில பகுதிகளோடு இடையிலேயே நின்றுபோயிற்று. நின்றதற்குக் காரணம் தேடுவதைவிட, நின்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடமாகும்.

அதற்கு முன் இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அதே 'விவேக சிந்தாமணி'யில் 1893 இல் வேறொரு தொடர்கதை தொடங்கியது. வத்தலக்குண்டைச் சேர்ந்த பி. ஆர். ராஜமய்யர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' அது. ராஜமய்யரும் மாதவையா பிறந்த அதே 1872 இல் பிறந்தவர். அதே கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய கதை நிற்கவில்லை. 1895 வரை ஓடி நிறைவுற்றது. தமிழின் தலைசிறந்த தொடக்ககால நாவல் என்று இன்றுவரை போற்றப்படுகிறது. ஒரே வயது, ஒரே கல்லூரி, ஒரே இதழ். ஒருவர் கதை நின்றது. மற்றவர் கதை வென்றது. நம்மில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் மனம் எப்படி இருக்கும்? உடன் படித்தவரின் கதை பரிசு பெற்று நூலில் அச்சாகி வரும்போது, நம் கதை கோப்பிலேயே கிடப்பதைப் பார்க்கும் வேதனையை நம்மில் சிலராவது அறிந்திருப்போம்.

அந்த ராஜமய்யர் பின்னர் விவேகானந்தரின் ஊக்கத்தால் 1896 இல் தொடங்கப்பட்ட 'பிரபுத்த பாரதா' என்னும் ஆங்கில இதழுக்கு முதல் ஆசிரியரானார். பிரிக்பீல்ட்ஸில் 1904 இல் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறுவிய விவேகானந்தா ஆசிரமத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு ராஜமய்யர் நினைவுக்கு வருவார். விவேகானந்தரின் எண்ணங்கள் கடல் கடந்து இங்கே கட்டடமாக எழுந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1898 இல், 26 வயதிலேயே அவர் மறைந்தார். முழுமையான நாவல் ஒன்றே ஒன்று. எழுதுவதற்கு நமக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உப்பளத்துக்கும் எழுத்து மேசைக்கும் இடையே

தொடர் நின்ற சில காலத்தில் மாதவையா அரசாங்கப் பணியில் சேர்ந்தார். அது உப்பு, ஆயத்தீர்வைத் துறை. அன்று உப்பு அரசின் தனியுரிமை. உப்பளங்களைக் கண்காணிப்பதும், கள், சாராயத்துக்கான தீர்வையைக் கவனிப்பதும் அத்துறையின் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையன்று. ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், குதிரைமீதும் செல்ல வேண்டும். இடமாற்றங்களும் உண்டு. எழுதுவதற்கு இதைவிடப் பொருந்தாத வேலை வேறு இருக்க முடியுமா என்று நமக்குத் தோன்றலாம்.

ஆனால் அவருடைய முதன்மையான நூல்கள் பெரும்பாலும் இந்தப் பணிக்காலத்தில் வெளிவந்தவைதாம். நேரம் கிடைத்தால் எழுதலாம் என்று காத்திருந்தவர் அவர் அல்லர். நமக்கோ இடுபணிகள், வகுப்புகள், பகுதி நேர வேலை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அவருக்கும் இவை போன்றவை இருந்தன. கூடவே வளரும் குடும்பமும் இருந்தது.

நின்றுபோன 'சாவித்திரி சரித்திர'த்தையே பிடித்துக்கொண்டு அவர் தேங்கிவிடவில்லை. அதனை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு கதையைத் தொடங்கினார். அதுவே 'பத்மாவதி சரித்திரம்'. முதல் பாகம் 1898 இலும் இரண்டாம் பாகம் 1899 இலும் வெளிவந்தன. நாராயணன் என்னும் ஏழை இளைஞன் படித்து முன்னேறுவதும், அவனுக்கும் பத்மாவதிக்கும் நடக்கும் திருமணமும், நண்பன் கோபாலனோடு தன் மனைவியைச் சேர்த்து அவன் ஐயுறுவதும், பின்னர்த் தெளிவதும் அதன் கதை. இங்கே பெண்ணின் துயரம் நேரடியான வழக்காக நிற்கவில்லை. குடும்பக் கதைக்குள் இழையோடுகிறது. படித்த ஆணின் மனத்திலும் பழைய சந்தேகம் குடியிருக்கும் என்பதை அவர் காட்டினார். நேர்வழி அடைபட்டபோது பக்கவழியாகத் தம் பொருளை நெருங்கினார் எனலாம்.

எழுத்துத் தடையைக் கடக்க அவர் வாழ்விலிருந்து நாம் கற்கும் முதல் வழி இது. நின்ற கதையின் முன்னால் உட்கார்ந்து அழுவதைவிட, வேறொன்றை எழுதி முடிப்பது மேல். முடிக்கத் தெரிந்த கைக்கு, முடியாததைத் திரும்ப எடுக்கும் துணிவும் பிறக்கிறது.

1903: மூன்று நூல்கள்

மாதவையாவின் வாழ்க்கையில் 1903 ஒரு திருப்பம். 11 ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன சாவித்திரியின் கதை அவ்வாண்டில் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் முழு நாவலாக வெளிவந்தது. பெயர் மாறியது, பொருள் மாறவில்லை. முத்துமீனாட்சி தன் கதையைத் தானே சொல்கிறாள். சிறு வயதில் மணம், புகுந்த வீட்டில் கொடுமை, இளமையிலேயே கைம்மை என்று அவள் வாழ்க்கை செல்கிறது. ஆனால் அழுது மடிவதோடு கதை முடியவில்லை. அவள் சுந்தரேசனை மறுமணம் செய்துகொள்கிறாள். அன்றைய சமூகம் ஏற்க மறுத்த முடிவையே அவர் தம் கதைக்கு முடிவாக்கினார்.

இருபது வயதில் தொடங்கியதை முப்பத்தொரு வயதில் முடித்திருக்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அவர் குடும்பத் தலைவர் ஆகிவிட்டார். பல ஊர்களையும் பலதரப்பட்ட மனிதர்களையும் பார்த்துவிட்டார். இரண்டு பாகங்கள் கொண்ட நாவலையும் எழுதிவிட்டார். வேகத்தோடு தொடங்கிய கதை, பட்டறிவோடு முடிந்தது. அந்த 11 ஆண்டுகளும் வீணான ஆண்டுகள் என்று யார் சொல்ல முடியும்?

அதே 1903 இல் 'விஜயமார்த்தாண்டம்' என்னும் மற்றொரு தமிழ் நாவலும், 'தில்லை கோவிந்தன்' என்னும் ஆங்கில நாவலும் வெளிவந்தன. ஆக, ஓராண்டில் மூன்று நூல்கள். அடைபட்டிருந்த மதகு திறந்துகொண்டது போல இருந்தது. 'தில்லை கோவிந்தன்' ஒரு கிராமத்து அந்தணச் சிறுவன் ஆங்கிலக் கல்வி கற்று, பழைமைக்கும் புதுமைக்கும் இடையே தத்தளிப்பதைத் தன்வரலாறு போலச் சொல்வது. பின்னர் 1916 இல் லண்டனிலும் அது பதிப்பிக்கப்பட்டது.

மொழி மாறிய ஆண்டுகள்

1903 க்குப் பின்னர் நீண்ட காலம் மாதவையாவிடமிருந்து புதிய தமிழ் நாவல் வரவில்லை. 1909 இல் 'சத்தியானந்தன்', 1915 இல் 'கிளாரிந்தா' என்று அவருடைய நாவல்கள் ஆங்கிலத்தில் வந்தன. 'கிளாரிந்தா' பாளையங்கோட்டையில் 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, கிறித்துவம் தழுவிய ஓர் அந்தணக் கைம்பெண்ணின் வரலாற்றை ஒட்டியது. கைம்பெண்ணின் வாழ்வு என்னும் பொருளை அவர் விடவேயில்லை என்பதற்கு இதுவும் சான்று. குசிகன் என்ற புனைபெயரில் 'தி இந்து' நாளிதழில் ஆங்கிலச் சிறுகதைகளும் எழுதினார். தமிழில் நாடகங்கள் எழுதினார்; ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைத் தழுவி 'உதயலன்' என்னும் நாடகத்தையும் தந்தார்.

அவர் ஆங்கிலத்துக்குப் போனது தமிழுக்கு இழப்பு என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 'கிளாரிந்தா' தமிழிலேயே எழுதப்பட்டிருந்தால் தமிழ் வரலாற்று நாவலுக்கு வலுவான தொடக்கம் கிடைத்திருக்கும். ஆயினும் அவர் ஆங்கிலத்திலேயே தங்கிவிடவில்லை. குசிகன் பெயரில் எழுதிய ஆங்கிலக் கதைகளில் பலவற்றைத் தாமே தமிழாக்கி, 'குசிகர் குட்டிக் கதைகள்' என்று நூலாகத் தந்தார். போன வழியே திரும்பி வந்தார்.

இந்தப் பகுதிதான் மலேசிய மாணவர்களாகிய நமக்கு மிக நெருக்கமானது. நான் கிள்ளானில் வளர்ந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். அறிவியலும் கணிதமும் வரலாறும் மலாய்மொழிக்கு மாறின. தமிழ், வாரத்தில் சில பாடவேளைகளுக்குச் சுருங்கியது. பல்கலைக்கழகத்தில் பாடநூல்களும் இடுபணிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். என்னைப் போன்றவர்களே நம் கழகத்தில் அதிகம். நாவல் எழுத உட்காரும்போது நமக்குக் கதை வராமல் இல்லை, சொல் வருவதில்லை. வகுப்பறைச் சண்டையை நாம் மலாயில் நினைத்துப் பார்க்கிறோம். வேலையிடத்துக் கசப்பை ஆங்கிலத்தில் நினைக்கிறோம். பாட்டியின் தோட்டப்புறக் கதையை மட்டும் தமிழில் நினைக்கிறோம். ஆகவேதான் நம் கதைகள் பலவும் தோட்டப்புறத்திலேயே நின்றுவிடுகின்றன. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரும் கொம்யூட்டர் ரயிலில் தினமும் நூறு கதைகள் ஏறி இறங்குகின்றன. அவற்றை எழுதுவதற்குரிய தமிழ் நம் கையில் பழகவில்லை.

ஆகவே நம்முடைய எழுத்துத் தடையில் ஒரு பாதி மொழித்தடை. இதை ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை. மாதவையாவும் இரண்டு மொழிகளுக்கிடையே வாழ்ந்தவர். ஒரு மொழியில் கதை நின்றால் இன்னொரு மொழியில் எழுதிப் பார்த்தார்; பிறகு அதைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். முதல் வரைவை மலாயிலோ ஆங்கிலத்திலோ, அல்லது நாம் வீட்டில் பேசும் கலப்புத் தமிழிலோ எழுதினால் தமிழ்த்தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள். அங்கேயே நின்றுவிட்டால்தான் இழப்பு.

பஞ்சாமிர்தம்

உரிய காலத்துக்கு முன்பாகவே அரசுப் பணியிலிருந்து விலகிய மாதவையா, சென்னை மயிலாப்பூரில் குடியிருந்து முழுநேர எழுத்தாளர் ஆனார். சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். 1924 இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். கதை, கட்டுரை, சமூகச் சீர்திருத்தம், அறிவியல் எனப் பலவும் அதில் இடம்பெற்றன. அவருடைய உறவினரும் பின்னாளில் தமிழ் அறிவியல் எழுத்தின் முன்னோடியாக விளங்கியவருமான பெ. நா. அப்புஸ்வாமி அவர் நிழலில் எழுத வந்தவரே.

அந்த 'பஞ்சாமிர்த'த்தில்தான் 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகத்தை மாதவையா தொடங்கினார். இரண்டாம் பாகம் வந்தது 1899 இல். இடையில் 25 ஆண்டுகள். கதைமாந்தரைப் படைத்தபோது அவருக்கு வயது 27 கூட நிரம்பவில்லை. திரும்ப அவர்களிடம் வந்தபோது 52. நாவல் ஒன்றை இவ்வளவு காலம் மனத்தில் சுமந்திருக்க முடியுமா என்று வியப்பாக இருக்கிறது.

வேறு நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தாளர் இ. எம். பாஸ்டர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1913 இல் ஒரு நாவலைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. 1921 இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து தங்கிச் சென்ற பின்னரே அவரால் அதனை முடிக்க முடிந்தது. 'எ பாசேஜ் டு இந்தியா' என்னும் அந்நாவல் வெளிவந்ததும் 1924 இல்தான். கதை நின்றபோது அவருக்குத் தேவைப்பட்டது புதிய சொற்கள் அல்ல. கதை நடக்கும் மண்ணை மீண்டும் ஒருமுறை பார்ப்பது. பிரிக்பீல்ட்ஸைப் பற்றி எழுதத் தொடங்கி நின்றுபோனவர்கள், அறையில் உட்கார்ந்து யோசிப்பதைவிடப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலை நடந்துவிட்டு வருவது பயன் தரும்.

செனட் மண்டபத்தில்

மூன்றாம் பாகம் முடியவில்லை. இம்முறை கதையை நிறுத்தியது மரணம்.

மாதவையா சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் என்னும் ஆட்சிப் பேரவையில் உறுப்பினராக இருந்தார். 1925 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள், இளங்கலைப் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று அவையில் வாதிட்டுப் பேசினார். பேசி முடித்து அமர்ந்த சிறிது நேரத்தில் அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 53. ஆங்கிலத்தில் நாவல் எழுதி லண்டன்வரை சென்றவரின் கடைசிப் பேச்சு, பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்ட பேச்சு. அவர் ஆங்கிலத்தில் எழுதியதைக் குறை சொல்வோர் இந்த ஒரு நாளையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

இந்தக் கோரிக்கை அவரோடு முடிந்துவிடவில்லை. கால் நூற்றாண்டு கழித்து நம் மண்ணிலும் அதே குரல் எழுந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய 1950 களில், அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் திட்டம் வந்தபோது, அத்துறையில் தமிழுக்கே உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. எளிய தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைத் தந்தனர். 1956 இல் துறை அமைந்தது. பின்னர்க் கோலாலம்பூரில் வேரூன்றியது. பல்கலைக்கழகத்தில் நாம் தமிழ்மொழிக் கழகம் வைத்து ஆண்டிதழ் வெளியிடுகிறோம் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட குரல்கள் இருக்கின்றன.

மாதவையா மறைந்தபோது அவருடைய கடைசி மகன் மா. கிருஷ்ணனுக்கு வயது 13. அவர் பின்னர் இந்தியாவின் சிறந்த இயற்கையியல் எழுத்தாளராகவும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞராகவும் திகழ்ந்தார். இன்னொரு மகன் மா. அனந்தநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். 1961 இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலும் எழுதினார். மகள் மா. லக்ஷ்மி அம்மாளும் எழுத்தாளரே. பெண் குழந்தைகளின் மண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம், அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1929 இல் வந்தது. சாவித்திரியின் கதையை அவர் தொடங்கி அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமக்குச் சொல்வது என்ன?

முடியாத நாவல்கள் தமிழில் ஏராளம். பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' 1921 இல் அவர் மறைவால் நின்றது. கல்கி விட்டுச்சென்ற 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி, தந்தையின் குறிப்புகளைக் கொண்டு முடித்தார். ஆகவே, முயன்றால் எல்லாக் கதையும் முடியும் என்று பொய்யான நம்பிக்கை சொல்ல நான் வரவில்லை. மாதவையாவுக்கே ஒன்று முடிந்தது, ஒன்று முடியவில்லை.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். நின்றுபோன நாவல் வேறு. செத்துப்போன நாவல் வேறு. கதையின் பொருள் நம்மை விடாமல் இருக்கும்வரை அது சாவதில்லை. மாதவையா தம் முதல் கதையின் பெயரை விட்டார், புனைபெயரை விட்டார், இதழை விட்டார். சில காலம் மொழியைக்கூட விட்டார். அந்தப் பெண்ணின் துயரை மட்டும் விடவில்லை. அதனால்தான் 11 ஆண்டுகள் கழித்தும் அவரால் அவளிடம் திரும்பிச் செல்ல முடிந்தது. காத்திருந்த காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. வேறு ஏதாவது எழுதிக்கொண்டேயிருந்தார். எழுதாமல் காத்திருப்பது வெறும் மறதியில் போய் முடியும்.

நம் நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று பொதுவாகக் குறிக்கப்படுவது 1917 இல் க. வெங்கடரத்தினம் எழுதியது. அன்றுமுதல் இன்றுவரை இங்கே எழுதியோரில் பெரும்பாலோர் பள்ளியிலும் தோட்டத்திலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். அந்த வரிசையில் நாமும் சேர வேண்டுமென்றால் முதலில் ஒன்று செய்வோம். இந்த விடுமுறையில், மூடிவைத்த அந்தப் பழைய கோப்பைத் திறப்போம். நடையைத் திருத்துவதற்காக அன்று. அந்தக் கதையை ஏன் சொல்ல நினைத்தோம் என்பது இன்னமும் நம் மனத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இருந்தால் எழுதுவோம். பெயரை மாற்றி, குரலை மாற்றி, தேவையானால் முதல் வரியிலிருந்தே மாற்றி எழுதுவோம். இல்லையென்றால் அதனை வருத்தமின்றி மூடிவிட்டு, நம்மை விடாத வேறு கதையைத் தொடங்குவோம்.